கதை நூலுக்கு ஒலிப்பதிவு: அச்சில் உள்ளபடி வாசிப்பதா, பேச்சு வழக்கில் சொல்வதா?

கேள்வி: சிறுவர் நூலாசிரியர், மேற்கு மாம்பலம்

அனைவருக்கும் வணக்கம். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காகச் சிறு கதை நூல்கள் எழுதி வருகிறேன். ஒவ்வொன்றும் 16 பக்கங்கள் கொண்டது. பக்கத்துக்கு ஒரு படமும் மூன்று நான்கு வரிகளும் இருக்கும். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடைபெறும் புத்தகக் காட்சிக்கு வரும் பெற்றோரில் பலர், நூலைப் புரட்டிப் பார்த்த கையோடு, "இதற்கு ஒலிப்பதிவு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிகளில் சேர்த்தவர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனால் தமிழ் நூலை எடுத்து வாய்விட்டு வாசித்துக் காட்டும் பழக்கம் அவர்களிடம் இல்லை, சிலருக்கு அதில் கூச்சமும் இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் என் நூல் அலமாரியிலேயே கிடந்துவிடாமல் இருக்க வேண்டுமானால், அதனுடன் ஒரு குரலும் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

நானே என் குரலில் பதிவு செய்வதென்று முடிவு செய்து, பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் இரவைப் பற்றிய கதையை முதலில் எடுத்துக்கொண்டேன். பங்குனி ஆமைகள் ஆண்டின் தொடக்க மாதங்களில் நம் கரைக்கு வந்து முட்டையிடுவதும், தன்னார்வலர்கள் இரவில் நடந்து அந்த முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பதும், 45 நாளுக்கு மேல் கழித்து வெளிவரும் குஞ்சுகள் கடலை நோக்கித் தவழ்வதும் இந்த நகரத்துக் குழந்தை நேரில் சென்று பார்க்கக்கூடிய காட்சிகள். ஆகவே அந்தக் கதையின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

அதில் ஒரு சிறுமி, "பாட்டி, இந்தக் குஞ்சுகள் எல்லாம் எங்கே போகின்றன?" என்று கேட்கிறாள். கண்ணால் படிக்கும்போது அந்த வரியில் குறை ஒன்றும் தெரிவதில்லை. வாய்விட்டு வாசித்தாலோ, சென்னையில் எந்தச் சிறுமியும் தன் பாட்டியிடம் இப்படிக் கேட்க மாட்டாள் என்பது உடனே காதில் படுகிறது. "இந்தக் குஞ்செல்லாம் எங்க போகுது பாட்டி?" என்று சொல்லும்போது குரலுக்கு உயிர் வருகிறது; ஆனால் நூலைத் திறந்து வரியின் மேல் விரல் வைத்துக்கொண்டு கேட்கும் குழந்தைக்குக் காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வேறு வேறாகிவிடுகின்றன.

ஆகவே என் முதன்மையான கேள்வி இதுதான்: எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கான ஒலிப்பதிவில், அச்சில் உள்ளதை எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டுமா, அல்லது கதை சொல்வதைப் போலப் பேச்சு நடையில் சொல்ல வேண்டுமா? எவ்வளவு மெதுவாக வாசிப்பது, பின்னணி இசை தேவையா, பழைய குழந்தைக் கவிஞர்களின் பாடல் ஒன்றை இடையில் பாடிச் சேர்த்துக்கொள்ளலாமா என்பவற்றையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: கதை நேரத் தன்னார்வலர், பெரம்பூர்

வணக்கம் அம்மா. கிளை நூலகம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். அதற்கு முன்பு தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்கான பதிவு என்றால், அச்சில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அச்சில் உள்ளபடியே ஒலிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

காரணம் நம் எழுத்து முறையிலேயே இருக்கிறது. "கடல்" என்பதில் வரும் ககரமும், "நகரம்" என்பதில் வரும் ககரமும், "சங்கு" என்பதில் வரும் ககரமும் ஒரே எழுத்துத்தான். ஒலி மூன்று விதம். அரிச்சுவடி அட்டையில் "க" என்று மட்டும் கற்ற குழந்தை, இடத்துக்கு ஏற்ப அது எப்படி மாறுகிறது என்பதை விதியாகக் கற்றுக்கொள்வதில்லை, கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்கிறது. வீட்டில் தமிழ் நூல் வாசிக்கப்படாத குழந்தைக்கு அப்படிக் கேட்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. "குஞ்சு" என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அது தான் நாள்தோறும் சொல்லும் சொல்தான் என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். உங்கள் குரல் அச்சை விட்டு விலகாமல் சென்றால், விரலுக்குக் கீழே உள்ள எழுத்துக்கும் தனக்குத் தெரிந்த சொல்லுக்கும் உள்ள உறவு அந்தக் குழந்தைக்கு அங்கேயே விளங்கிவிடும். குரல் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போனால், குழந்தை எழுத்தை விட்டுவிட்டுக் குரலைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அச்சில் உள்ளபடி வாசிப்பது எளிது என்றும் எண்ணிவிட வேண்டாம். நம் நாக்கு பேச்சுக்குப் பழகியது. "பால்" என்று இருப்பதைப் "பாலு" என்போம். "தலை" என்பதைத் "தல" என்று முடிப்போம். "மரம்" என்பதன் இறுதி மகரத்தை மூக்கொலியாக விழுங்கிவிடுவோம். பெரியவர்களுக்கு இது பொருட்டே அல்ல. ஐகாரத்தைப் பார்த்துக்கொண்டே அகரத்தைக் கேட்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அது குழப்பம். பதிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் சொல்லின் இறுதிகளைக் கவனித்துச் சில தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். அதற்காக மேடைப் பேச்சின் அழுத்தம் வேண்டியதில்லை; சொற்கள் முழுமையாக முடிந்தால் போதும்.

இனி அந்தச் சிறுமியின் வரிக்கு வருகிறேன். அங்கே மாற்ற வேண்டியது வாசிப்பை அன்று, நூலை என்பது என் கருத்து. அடுத்த அச்சில் அவள் பேச்சைப் பேச்சாகவே அச்சிடுங்கள். கதை சொல்லும் பகுதி எழுத்து நடையில் இருக்கட்டும். மேற்கோள் குறிக்குள் வருவது ஆள் பேசுவது, வெளியே வருவது கதை சொல்வது என்ற வேறுபாட்டை ஐந்து வயதிலேயே குழந்தைகள் உணர்ந்துகொள்கிறார்கள். இப்படி எழுதினால் பிள்ளைகள் தேர்விலும் பேச்சு வழக்கில் எழுதிவிடுவார்கள் என்று அஞ்சும் ஆசிரியர்கள் உண்டு. இரண்டு நடைகளையும் பக்கம் பக்கமாகக் காணும் குழந்தைதான் அவற்றைப் பிரித்தறியக் கற்கிறது என்பதே நான் வகுப்பறையில் கண்டது.

ஆனால் பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்துமுறை இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. "போகுது" என்று ஒருவர் எழுதுவதை "போவுது" என்று இன்னொருவர் எழுதுவார். எழுத்தே புதிதாக இருக்கும் குழந்தைக்கு அது கூடுதல் சுமை. அதனால் தொடக்க நிலை நூல்களில் மூன்றாவது வழி ஒன்றைப் பரிந்துரைக்கிறேன்: இரண்டு நடைக்கும் பொதுவாக நிற்கும் வாக்கியத்தைத் தேடிப் பிடியுங்கள். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் மிகுதியாகப் பிரிவது வினைமுற்றில்தான். வினைமுற்றை நீக்கி, "பாட்டி, குஞ்சுகள் எங்கே?" என்று கேட்க வைத்தால், அச்சிலும் உறுத்தாது, காதிலும் உறுத்தாது. பாட்டி, "கடலுக்கு!" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். இப்படிச் செய்யும்போது வரியும் குறுகுகிறது. குறுகிய வரிதான் இந்த வயதுக்கு வேண்டும்.

வரியின் நீளத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். "தவழ்ந்துகொண்டிருந்தபோது" என்பது அச்சில் ஒரே சொல். குழந்தையின் விரல் அதன் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறும்; குரல் அதைக் கடந்து மூன்று சொற்கள் போயிருக்கும். "குஞ்சு தவழ்ந்தது. அப்போது ஓர் அலை வந்தது" என்று பிரித்துவிட்டால் விரலும் குரலும் சேர்ந்து நடக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைக் கதைக்கு 250 சொற்கள், இரண்டாம் நிலைக்கு 600, மூன்றாம் நிலைக்கு 1500 என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்களும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகவே வந்திருக்கின்றன. உங்கள் நூல் எந்தப் படியில் நிற்கிறது என்று தீர்மானித்துக்கொண்டால், பதிவின் வேகம் பற்றிய கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.


மறுமொழி: இரண்டாம் வகுப்புக் குழந்தையின் தந்தை, குரோம்பேட்டை

அம்மா எழுதியதைப் படித்ததும், தாங்கள் புத்தகக் காட்சியில் சந்தித்த பெற்றோரில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தமிழைப் பேசுவதில் எனக்குத் தடையில்லை. மகளுக்கு உரக்க வாசித்துக் காட்டும்போது மட்டும் குரல் தட்டையாகிவிடுகிறது. ஒலிப்பதிவுடன் கூடிய ஒரு நூல் எங்கள் வீட்டில் இருக்கிறது. மகள் அதை ஓயாமல் கேட்டு, இப்போது கைப்பேசி இல்லாமலேயே பக்கம் பக்கமாகச் சொல்கிறாள். ஆனால் அதே நூலில் இருந்து ஒரு சொல்லைத் தனியாக எழுதிக் காட்டினால் அவளால் படிக்க முடியவில்லை. இது வாசிப்புத்தானா, மனப்பாடமா? ஒலிப்பதிவு அவளைச் சோம்பல்படுத்துகிறதோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. எழுத்து மாறாமல் வாசிப்பதே நல்லது என்ற கருத்தை நானும் ஆதரிக்கிறேன். அதோடு இந்தக் கேள்விக்கும் யாராவது விடை சொல்ல வேண்டுகிறேன்.


மறுமொழி: கதை நேரத் தன்னார்வலர், பெரம்பூர்

கவலைப்பட வேண்டாம் ஐயா. நூலின் வரிகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்துச் சொல்வது வாசிப்புக்கு முந்திய படி. பெரும்பாலான குழந்தைகள் அதன் வழியாகத்தான் வருகிறார்கள். அங்கேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டில் உள்ளவரின் வேலை. அவள் சொல்லும்போது வரியின் கீழே உங்கள் விரலை மெதுவாக நகர்த்துங்கள், ஒரு சொல்லில் நிறுத்தி, "இது எந்தச் சொல்?" என்று கேளுங்கள். அவள் வரியின் தொடக்கத்துக்குப் போய் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடிப்பாள். அந்த எண்ணிப் பிடிக்கும் முயற்சிதான் வாசிப்பாக மாறுகிறது. பிறகு அதே சொல்லை வேறொரு நூலில் தேடச் சொல்லுங்கள்.

ஒலியும் எழுத்தும் ஒன்றாக வரும்போது கண் தானாக எழுத்தின் பக்கம் போகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, தொலைக்காட்சியில் வரும் திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகளை ஓடவிட்டு, பாடும் சொல் நிறம் மாறித் தெரியும்படி செய்யும் முறையை 1990களில் முன்வைத்தார். அதே முறையில் கதைகளுக்குப் படமும் குரலும் சேர்த்து உருவாக்கும் புக்பாக்ஸ் என்ற முயற்சியையும் தொடங்கினார். அதில் தமிழ்க் கதைகளும் இருக்கின்றன. நூலாசிரியர் அம்மாவும் ஒரு பார்வை பார்க்கலாம். கையில் நூல் இல்லாத குழந்தைக்கு அது உதவும். கையில் நூல் இருக்கிற குழந்தைக்குத் திரை தேவையில்லை, குரலே போதும் என்பது என் எண்ணம்.


மறுமொழி: ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர், திருவான்மியூர்

வணக்கம். வானொலிக்கும் ஒலிநாடாக்களுக்கும் பல ஆண்டுகள் பதிவு செய்தவன் என்ற முறையில், மேலே சொல்லப்பட்டதில் பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

நூலோடு கேட்கும் பதிவு எழுத்து மாறாமல் இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் குழந்தை எப்போதும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. படுக்கையில் படுத்துக்கொண்டு விளக்கை அணைத்த பிறகு கேட்கிறது. வாகன நெரிசலில் பின்னிருக்கையில் அமர்ந்துகொண்டு கேட்கிறது. அப்போது அதற்குப் பாடம் வேண்டாம், கதை வேண்டும். சென்னை வானொலியின் குழந்தைகள் நிகழ்ச்சியில் கூத்தபிரான் அவர்களை "வானொலி அண்ணா" என்றே பிள்ளைகள் அழைத்தார்கள். கேட்கும் குழந்தையைத் தம்பி தங்கையாக்கிக்கொள்ளும் அந்த நெருக்கம் பேச்சு வழக்கில்தான் இயல்பாக வரும். ஆகவே ஒரு நூலுக்கு இரண்டு பதிவுகள் செய்யுங்கள் அம்மா. ஒன்று, நூலை வாசிப்பது. அதில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. மற்றொன்று, அதே கதையை நூலை மூடி வைத்துவிட்டு உங்கள் பேரக் குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொல்வது. அதில் நூலில் இல்லாத அலையின் ஓசையும், பாட்டியின் தயக்கமும், சிறுமியின் அவசரமும் வரலாம். இரண்டையும் கலந்து ஒரே பதிவாகச் செய்தால் இரண்டுமே கெடும். ஆமைக் கதையில் பேச்சுக்கு உயிர் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது முற்றிலும் சரியான உணர்வு; அதற்கு உரிய இடம் அந்த இரண்டாவது பதிவு.

வேகத்தைப் பற்றி: சொற்களை இழுத்து மெதுவாக்க வேண்டாம். "கு…ஞ்சு…கள்" என்று இழுத்தால் குழந்தைக்குச் சொல்லே மறைந்துவிடும். சொற்களை இயல்பான வேகத்தில் சொல்லி, சொற்றொடர்களுக்கு இடையில் மூச்சு விடும் அளவுக்கு நிறுத்துங்கள். "பாட்டியும் பேத்தியும் / இருட்டில் / மணலில் நடந்தார்கள்" என்று பொருள் முடியும் இடங்களில் நின்றால் விரல் வந்து சேர்ந்துகொள்ளும். பக்கம் முடியும் இடத்தில் மணியோசை போன்ற சிறு அடையாளம் ஒன்றை வைத்து, அதன் பிறகு மூன்று நான்கு நொடி அமைதி விடுங்கள். பக்கத்தைப் புரட்டுவதற்கு மட்டுமல்ல, புதிய படத்தைப் பார்ப்பதற்கும் குழந்தைக்கு அந்த நேரம் வேண்டும். படத்தைப் பார்த்து முடிக்கும் முன் குரல் தொடங்கிவிட்டால் அது படத்தையும் இழக்கும், வரியையும் இழக்கும்.

பின்னணி இசையைச் சொற்களுக்கு அடியில் ஓட விடாதீர்கள். பெரியவர்களின் காது இசையையும் பேச்சையும் பிரித்துக்கொள்ளும். குழந்தையின் காதுக்கு அந்தத் திறன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. லகர, ளகர, ழகர வேறுபாடு போன்ற நுண்மைகள் முதலில் அடிபடும். தொடக்கத்திலும் முடிவிலும் சில நொடிகள் இசை வரட்டும், இடையில் வேண்டாம்.

பெரிய ஒலிப்பதிவுக் கூடம் தேவையில்லை. மேற்கு மாம்பலத்தில் காகமும் ஆட்டோவும் மின்சார ரயிலின் ஒலியும் இல்லாத நேரம் பின்னிரவுதான். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி அமர்ந்து பேசினால் எதிரொலி பெருமளவு அடங்கும். சுவரும் தரையும் வெறுமையாக உள்ள அறையைத் தவிர்த்து, தரையில் பஞ்சு மெத்தையை விரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை அணைத்தே ஆக வேண்டும். அதன் இரைச்சலைப் பிறகு மென்பொருளில் நீக்க முயன்றால் குரலின் மெல்லிய பகுதிகளும் சேர்ந்தே போய்விடும். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் பகர ஒலியில் காற்று மோதாது. யாரும் பேசாத அறையின் அமைதியையும் அரை நிமிடம் பதிந்து வையுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அது பயன்படும். வெட்டுவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும்.

மூலப் பதிவைச் சுருக்கப்படாத வேவ் வடிவில் பத்திரமாக வைத்திருங்கள்; ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட் வரும். பெற்றோருக்குக் கொடுப்பதற்கு நொடிக்கு 64 கிலோபிட் அளவிலான எம்.பி.3 போதும், நிமிடத்துக்கு அரை மெகாபைட்தான் ஆகும், குரலில் குறை தெரியாது. இறுதியில் விலை உயர்ந்த காதணி ஒலிபெருக்கியில் கேட்டு மகிழ்ந்துவிடாமல், சாதாரணக் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் போட்டு, சமையலறையில் குக்கர் ஓடும்போது கேட்டுப் பாருங்கள். குழந்தைகள் கேட்கப்போவது அப்படித்தான்.

நூலின் பின்னட்டையில் கியூஆர் குறியீடு அச்சிடுவதானால் ஓர் எச்சரிக்கை. நம் மாநிலப் பாடநூல்களில் அந்தக் குறியீட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் உடனே கைப்பேசியை நீட்டுவார்கள். அந்த இணைப்பு ஏதோ ஒரு நிறுவனத்தின் தற்காலிகப் பக்கத்துக்குப் போனால், அந்தப் பக்கம் மறையும் நாளில் அச்சிட்ட அத்தனை பிரதிகளிலும் குறியீடு செத்துவிடும். உங்கள் பெயரிலேயே ஒரு முகவரி வாங்கி, குறியீட்டை அதற்குச் செலுத்துங்கள். ஒலிக்கோப்பு எங்கே இருந்தாலும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.


மறுமொழி: சிறப்பாசிரியர், அண்ணா நகர்

பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கிறேன். மேலே உள்ள உரையாடல் முழுவதும் பார்க்கும் குழந்தையை மனத்தில் வைத்தே நடக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்காகவும் ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். ஐயா சொன்ன இரண்டாவது பதிவில், படத்தில் மட்டும் இருந்து வரியில் இல்லாத செய்திகளைத் தயவுசெய்து குரலில் கொண்டுவாருங்கள். குஞ்சு உள்ளங்கையில் அடங்கும் அளவு என்பதும், அதன் ஓடு கருஞ்சாம்பல் நிறம் என்பதும், பாட்டியின் கையில் செருப்பு தொங்குகிறது என்பதும் பார்க்கும் குழந்தைக்குப் படத்திலேயே கிடைத்துவிடுகின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அவற்றை யாரும் சொல்வதில்லை. பிரெயில் கற்கும் குழந்தைக்கு முதல் பதிவும் மிகவும் பயன்படும். விரல் வைத்துப் படிப்பது அவர்களுக்கும்தானே.

உரிமை பற்றிய கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. பாரதியார் பாடல்கள் 1949-இலேயே அரசுடைமை ஆனவை, தடையில்லாமல் பாடலாம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954-இல் மறைந்தவர் என்பதால் அந்தக் காலவரம்பு 2014-உடன் முடிந்துவிட்டது. ஆனால் அழ. வள்ளியப்பா மறைந்தது 1989-இல். காலவரம்பின்படி பார்த்தால் அவர் பாடல்கள் 2049 இறுதி வரை உரிமைக்கு உட்பட்டவை. அவற்றுள் ஒன்றைச் சேர்க்க விரும்பினால் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுவதே முறை. குழந்தைப் பாடல் எல்லாம் பொதுச் சொத்து என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாரதியார் பாடலே ஆனாலும், திரைப்படத்தில் வந்த மெட்டில் பாடினால் அந்த மெட்டுக்குத் தனி உரிமை உண்டு. உங்களுக்குத் தெரிந்த எளிய மெட்டில் பாடிவிடுங்கள்.

ஓவியரின் உரிமையையும் மறந்துவிட வேண்டாம். ஒலிக்கோப்பாக மட்டும் வெளியிட்டால் சிக்கல் இல்லை. படங்களைக் காட்டிக் காணொளியாக வெளியிடுவதானால், நூலில் அச்சிட மட்டுமே அவர் ஒப்புக்கொண்டிருக்கக்கூடும். புதிதாகக் கேட்டுப் பெறுவதும், அவர் பெயரைக் காணொளியில் காட்டுவதும் கடமை.

இன்னொன்று. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் நூல்களை லாப நோக்கமின்றி மாற்றித் தருவதற்கு வழி இருக்கிறது; 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகம் அத்தகைய நூல்களைத் திரட்டித் தருகிறது. உங்கள் நூலுக்கு உரிமையாளர் நீங்களே என்பதால், ஒலிப்பதிவையும், ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டெழுதிய கோப்பையும் நீங்களே முன்வந்து கொடுத்தால் எங்கள் வேலை பெரிதும் குறையும். தமிழில் சிறு குழந்தைகளுக்கான நூல்கள் இந்த வடிவங்களில் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவும் இருக்கிறது, குழந்தைகள் பிரிவும் இருக்கிறது. இரண்டு பிரிவினரிடமும் பேசிப் பாருங்கள்.


மறுமொழி: சிறுவர் நூலாசிரியர், மேற்கு மாம்பலம்

இத்தனை அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒரு நூலுக்கு இரண்டு பதிவுகள் என்ற யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். வாசிப்புப் பதிவுக்கு முன்பாக நூலின் உரையாடல்களைத் திருத்தி, இரு நடைக்கும் பொதுவாக நிற்கும் வரிகளாக முடிந்தவரை மாற்றி, இயலாத இடங்களில் மட்டும் பேச்சு வழக்கை அச்சிடப் பதிப்பாளரிடம் பேசியிருக்கிறேன். கையிருப்பில் உள்ள பிரதிகள் தீர்ந்ததும் புதிய அச்சும் பதிவும் ஒன்றாக வரும். சொல்லும் பதிவில் படங்களை விவரிக்கும் வரிகளை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். ஓவியரும் மகிழ்ச்சியுடன் ஒப்புதல் தந்திருக்கிறார். பாடலுக்குப் பாரதியாரையே எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் ஐயம் மீதி இருக்கிறது. பாட்டி, பேத்தி, தன்னார்வலர் என்று மூன்று பேர் பேசுகிறார்கள். வாசிப்புப் பதிவில் குரலை மாற்றி மாற்றிப் பேச வேண்டுமா, அல்லது சிறுமியின் பகுதியை உண்மையான ஒரு குழந்தையைக் கொண்டே வாசிக்க வைக்கலாமா?


மறுமொழி: ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர், திருவான்மியூர்

வாசிப்புப் பதிவில் ஒரே குரல் போதும் அம்மா. பாட்டிக்குக் குரலைச் சற்றுத் தாழ்த்தி, பேத்திக்குச் சற்றே விரைவு கூட்டினாலே யார் பேசுகிறார்கள் என்பது விளங்கும்; நடுங்கும் கிழக்குரலும் கீச்சுக்குரலும் வேண்டாம், அவற்றில் சொற்கள் சிதைந்துவிடும். சொல்லும் பதிவில் ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொள்வது நல்ல யோசனை. ஆனால் அந்தக் குழந்தையை வரிகளை ஒப்பிக்க வைக்காதீர்கள். கதையை நீங்கள் சொல்லச் சொல்ல அதை அருகில் உட்கார வைத்து, அதுவாகக் கேட்கும் கேள்விகளைப் பதிந்துகொள்ளுங்கள். ஒலிவாங்கியை முன்கூட்டியே மேசையில் வைத்துவிட்டு, குழந்தை அதை மறக்கும் வரை வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். குழந்தையின் குரலைப் பொதுவில் வெளியிடுவதற்கு அதன் பெற்றோரிடம் முன்னதாகவே எழுத்து வடிவில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.